ஒன்பது இலைகளும் ஒரு கையும்

ஐவன் மரியநாயகம் பதினொரு கூட்டங்களில் வாயைத் திறக்கவில்லை. பன்னிரண்டாவது கூட்டத்தில் ஏழு நிமிடம் பேசினார். அந்த ஏழு நிமிடம்தான் அவரைப் பிடித்துக்கொண்டு விடாமல் ஆட்டி வைத்தது.

கூட்டம் என்றால் மாநாடு அளவுக்கு ஒன்றுமில்லை. உணவிலும் விவசாயத்திலும் நானோ பொருள்கள் நுழைந்துகொண்டிருக்கின்றன. எதை அனுமதிப்பது, எதைச் சோதிப்பது, எதன் மேல் சீட்டு ஒட்டச் சொல்வது என்று ஒரு வழிகாட்டி எழுத வேண்டும். அதற்காக இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பெட்டாலிங் ஜெயாவில், பற்கள் கிட்டிக்கும் அளவுக்குக் குளிரூட்டிய ஓர் அறையில், பதினாறு பேர் கூடினார்கள். தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதற்கும் கீழே உள்ள துகள்களைப் பற்றிய பேச்சு. அவ்வளவு சிறியதாகிவிட்டால் ஒரு பொருள் பழையபடி நடந்துகொள்ளாது, உடம்புக்குள் எங்கே போகும் என்று அடித்துச் சொல்ல முடியாது, அதனால்தான் விதி வேண்டும் என்பதில் எல்லாரும் ஒத்துப்போனார்கள். விதி என்ன என்பதில்தான் ஒத்துப்போகவில்லை.

ஐவன், ஷா ஆலாமில் ஒரு தனியார் சோதனைக்கூடத்தில் மூத்த வேதியியலாளர். ஐம்பத்து நான்கு வயது. கல்யாணம் ஆகவில்லை. ரயில்வேயில் வேலை பார்த்த அப்பா விட்டுப்போன பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி வீட்டில், புத்தகங்களுக்கு நடுவே ஒரு கட்டிலைப் போட்டுக்கொண்டு இருந்தார். கூட்டத்தில் பாதி நேரம் மேசைக்கடியில் அவர் மடியில் ஒரு நாவல் திறந்திருக்கும். மீதி நேரம், தேநீரோடு கறிபாப் பலகாரம் வருமா அல்லது போன முறை போல வெறும் பிஸ்கட்தானா என்று யோசித்துக்கொண்டிருப்பார். மற்றவர்களுக்கு இது தெரியாது. அவர்கள் கண்ணுக்கு அவர் எல்லாவற்றையும் நிறுத்துப் பார்க்கும் ஆள். நான்காவது கூட்டத்துக்குப் பிறகு அவருடைய மௌனத்துக்கு ஒரு மரியாதை வந்துவிட்டது. ஐந்தாவதிலிருந்து, வாயைத் திறந்தால் அந்த மரியாதை போய்விடுமே என்று பயந்து பேசாமல் இருந்தார்.

பதினோராவது கூட்டத்தில் வாழை இலை வந்தது.

அதைக் கொண்டுவந்தது செலாயாங் மொத்த பாசாரில் இலை வியாபாரம் செய்யும் பழனியப்பன். பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளான் வரை முப்பது முப்பத்தைந்து சாப்பாட்டுக் கடைகளுக்கு அவருடைய லோரியில்தான் இலை போகிறது. வெட்டிய இலை இரண்டு நாளில் ஓரம் கறுக்கும், மூன்றாம் நாள் கிழியும். எவனோ ஒரு இறக்குமதி ஏஜெண்ட் அவரிடம் நானோ வெள்ளி கலந்த நீரை விற்றிருக்கிறான். அதைத் தெளித்தால் இலை ஆறு நாள் பச்சை மாறாமல் இருக்கிறது. ஆனால் கடைக்காரர்கள் சிலர், “என்ன மருந்து இது, யாரைக் கேட்டு அடிச்சே?” என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். லேப்பிலிருந்து ஒரு கடிதம் இருந்தால் வாயை அடைக்கலாம் என்று அவர் ஷா ஆலாமுக்கு வந்தார். வரவேற்பில் ஐவனின் முகத்தைப் பார்த்ததும் அவருக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி ஆகிவிட்டது.

“அண்ணே, நம்ம ஆளா நீங்க? அப்ப சரி லா. இந்தப் பிள்ளைங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு பயந்துகிட்டே வந்தேன். இலைன்னா என்னன்னு அவங்களுக்கு எங்க தெரியப்போவுது.”

அந்தப் பிள்ளைகளுக்கெல்லாம் தலைவி டீனா. முப்பத்தெட்டு வயது. ஐவனைவிடப் பதினாறு வயது இளையவள், ஐவனுக்கு மேலதிகாரி. இரண்டையும் அவள் ஒருநாளும் மறந்ததில்லை. அதனால் அவரை அங்கிள் என்று கூப்பிட்டுக்கொண்டே வேலை வாங்குவாள்.

நானோ என்ற சொல் இருந்ததால் டீனா விஷயத்தைக் குழுவுக்குக் கொண்டுபோனாள். அங்கே ஒன்றரை மணி நேரம் வாழை இலைக்கு இருக்க இடம் கிடைக்கவில்லை. உணவு என்று சொல்ல முடியாது, யாரும் இலையைத் தின்பதில்லை. பொட்டலம் என்றால், அதில் எதையும் கட்டவில்லை. பூச்சிமருந்து என்றால், மரத்திலிருந்து வெட்டிய பிறகுதானே தெளிக்கிறார்கள். தட்டு, கோப்பை வகையில் சேர்க்கலாம் என்று ஒருவர் சொன்னார். தட்டு வகைக்கான ஆள், இலை முளைக்கிற பொருள், அது எங்கள் கணக்கில் வராது என்றார். கடைசியில் தலைவர் அம்மையார் பேனாவை மூடிவிட்டு, வெள்ளி இலையை விட்டுச் சாப்பாட்டுக்குள் போகிறதா இல்லையா, முதலில் அதைச் சொல்லுங்கள், பிறகு பெயர் வைக்கலாம் என்றார். சோதனை ஐவனின் கூடத்துக்கு வந்தது.

“அங்கிள், இதை நீங்களே செஞ்சிடுங்க,” என்றாள் டீனா. “வாழ இலைன்னு வந்துட்டா இங்க வேற யாரைக் கேக்குறது?”

ஐவனுக்கு அது பிடித்திருந்தது. முப்பது வருஷ வேலையில் முதல்முறையாக, படித்த படிப்பும் தின்று வளர்ந்த சாப்பாடும் ஒரே மேசைக்கு வந்திருக்கின்றன என்று தோன்றியது. அன்றிரவு தன் குறிப்பேட்டில் அப்படியே எழுதியும் வைத்தார். பிறகு அந்தப் பக்கத்தைக் கிழித்துப்போட்டார் என்பது வேறு விஷயம்.

சோதனை முறையைப் பத்து நாள் உட்கார்ந்து எழுதினார். புளிப்பான உணவுக்குப் பதிலாக ஆய்வுகளில் ஓர் அமிலக் கரைசலைப் பயன்படுத்துவார்கள். ஐவன் அதை ஏற்கவில்லை. ரசமே வேண்டும் என்றார். வீட்டிலிருந்து புளி, மிளகு, சீரகம் எல்லாம் கொண்டுவந்து சோதனைக்கூடத்து மின்னடுப்பில் கண்ணாடிக் குவளையில் ரசம் வைத்தார். மதியம் வரை மூன்று மாடிக்கும் வாசம் போனது. வெள்ளி நீர் தெளித்த ஒன்பது இலைகள். ஒவ்வொன்றிலும் சுடச்சுட இருநூறு கிராம் சோறு, அதன்மேல் ரசம், கால் மணி நேரம். பிறகு சோற்றை வழித்து எடுத்துக் கரைத்து, வெள்ளியைத் தேடும் கருவிக்குக் கொடுக்க வேண்டும். கையுறை, கண்ணாடி, வெள்ளை அங்கி எல்லாம் போட்டுக்கொண்டு ஒன்பதையும் அவரே விரித்தார், அவரே பரிமாறினார். நடுவில் ஒருமுறை டீனா எட்டிப் பார்த்தாள்.

“ஏன் அங்கிள் தரையெல்லாம் ஈரமா இருக்கு? வழுக்குது.”

“அப்படியா,” என்றார் ஐவன். ரசத்தின் சூட்டை அளந்துகொண்டிருந்ததால் திரும்பிப் பார்க்கவில்லை.

முடிவு வந்தது. சோறு பரிமாறுவதற்கு முன்பே, கூடத்தில் வேறொருவர் அதே இலைகளிலிருந்து வெட்டிச் சோதித்த துண்டுகளில் வெள்ளி இருந்தது. ஐவனின் சோற்றில் இல்லை. ஒன்பதிலும் கண்டறியப்படவில்லை. இலையில் இருக்கிறது, சோற்றில் இல்லை என்றால் என்ன பொருள்? இலையின் மெழுகுப் பூச்சில் வெள்ளி கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். ஐவன் அப்படித்தான் நினைத்தார். அப்படித்தான் எழுதிக் கையெழுத்தும் போட்டார்; பழனியப்பன் கேட்ட கடிதமும் அதே கையெழுத்தோடு போனது.

பன்னிரண்டாவது கூட்டத்தில் அவர் எழுந்து நின்றபோது அறையில் பேச்சு தானாக அடங்கியது. ஏழு நிமிடம். மெழுகைப் பற்றிப் பேசினார். இயற்கையே செய்துவைத்த பாதுகாப்பு என்றார். விதி எழுதுகிறவர்களுக்குப் பணிவு வேண்டும், எல்லாவற்றையும் பட்டியலுக்குள் திணிக்கக் கூடாது என்றார். இந்த வாக்கியத்தை முந்தின இரவு கண்ணாடி முன்னால் இரண்டு விதமாகச் சொல்லிப் பார்த்திருந்தார். முடித்ததும் தலைவர் அம்மையார், “மிஸ்டர் ஐவன், நீங்கள் பேசுவதற்காக இரண்டு வருடம் காத்திருந்தோம், வீண் போகவில்லை,” என்றார். யாரோ கைதட்டினார்கள். வரைவில், தனிச் சோதனை தேவையில்லாதவை என்ற பட்டியலில் வாழை இலை ஏறியது. அன்றைக்குக் கறிபாப்பும் வந்தது.

மூன்று வாரம் ஐவன் மிதந்தார் என்றுதான் சொல்ல வேண்டும். மின்தூக்கியில் முன்பின் தெரியாதவர்களுக்குக்கூடப் புன்னகை செய்தார்.

ஒரு சனிக்கிழமை மதியம், வழக்கம்போல, வீட்டுக்குக் கீழ்த் தெருவில் இருக்கும் புனிதாவின் வாழை இலைக் கடைக்குச் சாப்பிடப் போனார். பிள்ளையார், மாதா, மெக்கா மூன்று படங்களும் வரிசையாக மாட்டியிருக்கும் சுவரில் நான்காவதாக ஒன்று புதிதாகத் தொங்கியது. பிளாஸ்டிக் உறை போட்ட கடிதம். அடியில் தன் கையெழுத்தைப் பார்த்ததும் ஐவனுக்குக் காது சூடானது.

“பாத்தீங்களா, எங்க மாட்டியிருக்கேன்னு?” கல்லாவிலிருந்து புனிதா கேட்டாள். “பழனியப்பன் எல்லாக் கடைக்கும் காப்பி எடுத்துக் கொடுத்துட்டாரு. நான்தான் சொன்னேன், இந்தக் கையெழுத்து நம்ம கஸ்டமர், பதினாலு வருசமா ஒரே மேசை, ஒரே நெத்திலி சம்பல், டிப்ஸ் மட்டும் கெடையாதுன்னு.”

“சாமி படத்துக்குப் பக்கத்துல ஏன்,” என்றார் ஐவன்.

“அங்க மாட்டுனா யாரும் கிழிக்க மாட்டாங்க, அதான்.”

இலை போட்டார்கள். பளபளவென்று, மரத்திலிருந்து அப்போதுதான் இறங்கியது போன்ற பச்சை. பக்கத்திலிருந்த தண்ணீரை எடுத்து மூன்று விரலால் தெளித்தார். வலது உள்ளங்கையால் இலையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரு வழி வழித்தார். ஓரத்தில் சேர்ந்த நீரை, கையை உதறித் தரையில் விட்டார்.

அப்புறம் அந்தக் கை அங்கேயே நின்றுவிட்டது.

சோறு வைக்க வந்தவர், “அண்ணே, கையை எடுங்க,” என்றார். ஐவன் எடுக்கவில்லை. அவர் சோற்று வாளியோடு அடுத்த மேசைக்குப் போனார், திரும்பி வந்தார். கை அப்படியே இருந்தது.

இல்லை, சோதனைக்கூடத்தில் அப்படிச் செய்திருக்க மாட்டேன். முப்பது வருஷப் பழக்கம். கையுறை போட்டால் நான் வேறு ஆள். ஐவன் தனக்குத்தானே இதைப் பல விதமாகச் சொல்லிக்கொண்டார். ஆனால் எதைச் சொன்னாலும் முடிவில் டீனாவின் குரல் வந்து நின்றது. ஏன் அங்கிள் தரையெல்லாம் ஈரமா இருக்கு.

“ஒரு தட்டு கிடைக்குமா?” என்று கேட்டார்.

புனிதா கல்லாவை விட்டு எழுந்தே வந்துவிட்டாள். “தட்டா? ஏன், என் இலைக்கு என்ன?”

“இலைக்கு ஒண்ணும் இல்ல. எனக்குத்தான்.”

“கடுதாசில கையெழுத்துப் போட்டவரு தட்டுல சாப்பிட்டா பாக்குறவங்க என்ன நெனப்பாங்க?”

அதற்குள் நினைக்க ஆரம்பித்துவிட்டார்கள். எதிர்மேசையில் இருந்த அலுவலகக்காரர் சுவரில் இருந்த கடிதத்தைப் பார்த்தார், ஐவனைப் பார்த்தார், ரசம் ஓடிக்கொண்டிருந்த தன் இலையைப் பார்த்தார். “அக்கா, எனக்கும் ஒரு தட்டு,” என்றார். இன்னும் இரண்டு மேசைகளிலிருந்து அதே குரல் வந்தது. ஐவன் போய்க் கையைக் கழுவினார். சோப்பைப் போட்டு இரண்டுமுறை கழுவினார். சாப்பிடாமல், சாப்பாட்டுக்கான காசை மட்டும் கொடுத்துவிட்டு வீட்டுக்கு நடந்தார். மாடிப்படி ஏறுவதற்குள் பழனியப்பன் கூப்பிட்டுவிட்டார். ஐவன் போனை எடுக்கவில்லை. ஞாயிறு முழுவதும் ஒரு நாவலின் ஒரே பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தார். மாதா கோயில் பூசைக்குப் போனபோதுகூட, நன்மை அப்பம் வாங்குவதற்குக் கையை நீட்டாமல் நாக்கை நீட்டினார்.

திங்கட்கிழமை காலை டீனாவின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினார்.

“சோதனை அறையில கேமரா பதிவு எவ்வளவு நாள் இருக்கும்?”

“ரெண்டு மாசம். ஏன் அங்கிள், எதாவது காணாமப் போச்சா?”

“ம்,” என்றார் ஐவன். “வெள்ளி.”

இருவரும் உட்கார்ந்து பார்த்தார்கள். படத்தில் சத்தம் இல்லை. வெள்ளை அங்கி போட்ட, லேசாகத் தொப்பை விழுந்த ஒரு மனிதர் முதல் இலையை விரிக்கிறார். பக்கத்திலிருந்த காய்ச்சி வடித்த நீர்க் குப்பியை எடுத்து மெல்லத் தெளிக்கிறார். கையுறை போட்ட வலது கையால் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை வழிக்கிறார். தரையில் உதறுகிறார். பிறகு, மிகுந்த விஞ்ஞானக் கவனத்தோடு, தராசில் நிறுத்த சோற்றை வைக்கிறார். இரண்டாவது இலை. தெளிக்கிறார், வழிக்கிறார், உதறுகிறார். மூன்றாவது. ஏழாவது இலையில் ஏதோ அழுக்கு இருந்திருக்க வேண்டும். அதை மட்டும் இரண்டுமுறை வழிக்கிறார். ஒன்பதாவதில் சோறும் ரசமும் விழுந்து ஆவி எழும்பியதும் அந்த மனிதரின் கை நெற்றிக்குப் போகிறது, நெஞ்சுக்கு இறங்குகிறது, இடது தோளுக்குப் போகும்முன் சட்டென்று நின்று, கண்ணாடியைச் சரிசெய்வதுபோல் பாவனை செய்கிறது.

டீனா வாயைப் பொத்திக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. மூக்கைச் சிந்திவிட்டு, “சாரி அங்கிள்,” என்றாள். மறுபடியும் குலுங்கினாள். “சிலுவை போட்டுட்டு பாதியில நிறுத்திட்டீங்களே, அதான் தாங்க முடியல.”

“சாப்பாட்டைப் பாத்தா வந்துருது,” என்றார் ஐவன்.

அன்றே மறுசோதனை ஆரம்பித்தார்கள். இந்த முறை இலையைத் தொட்டது டீனா; ஐவன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரோரமாக நிற்க வேண்டும் என்பது அவள் உத்தரவு. ஒன்பது இலைகளைத் துடைக்காமல் விட்டார்கள். இன்னும் ஒன்பதை ஐவன் செய்தபடியே நீர் தெளித்து வழித்தார்கள்; ஆனால் உதறிய நீரையும் கையுறையையும் சேர்த்தே சோதித்தார்கள். துடைக்காத இலைகளின் சோற்றிலும் ரசத்திலும் வெள்ளி இருந்தது. துடைத்தவற்றில் சோற்றில் இல்லை. உதறிய நீரில் கொஞ்சம் இருந்தது. கையுறையின் உள்ளங்கையில்தான் ஏறக்குறைய எல்லாமும் இருந்தது.

மெழுகு எதையும் பிடித்துக்கொள்ளவில்லை. பிடித்துக்கொண்டது ஐவனின் கை. சாதாரண மனிதர்கள் கையுறை போட்டுச் சாப்பிடுவதில்லை.

“உடம்புக்கு என்ன செய்யும் இது?” டீனா எண்களைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

“இவ்வளவுல ஒண்ணும் செய்யாமலும் இருக்கலாம். தினமும் இலையில சாப்பிடுறவனுக்கு என்ன செய்யும்னு யாருக்கும் தெரியாது. தெரியாதுன்னுதானே ரெண்டு வருசமா கூட்டம் போடுறோம்.”

டீனா எண்கள் இருந்த தாளைக் கவிழ்த்து வைத்தாள். பிறகு, “கடிதத்தை வாபஸ் வாங்கிடுவோம். முறையில சின்னத் திருத்தம், மறுசோதனைன்னு ரெண்டு வரி போதும். கேமரா வரைக்கும் யாரும் கேக்க மாட்டாங்க அங்கிள்,” என்றாள். அவரைக் காப்பாற்றத்தான் சொன்னாள். ஐவனுக்கும் அது புரிந்தது. தலையாட்டிவிட்டு வெளியே வந்தார்.

வெளியே பழனியப்பன் நின்றுகொண்டிருந்தார். போன் எடுக்கவில்லை என்று நேரிலேயே வந்துவிட்டார்.

ஐவன் அவரைக் கீழே உணவகத்துக்கு அழைத்துப்போய்த் தே தாரிக் வாங்கிக் கொடுத்து, நடந்ததைச் சொன்னார். பழனியப்பன் குறுக்கிடாமல் கேட்டார். தேநீரில் ஆடை கட்டியது.

“அப்ப எங்கமேல தப்பே இல்லையே அண்ணே,” என்றார் கடைசியில். “நீங்க எழுதுனது சரிதானே? இலையில சாப்பிடுற எவன் துடைக்காம சாப்பிடுறான்? சீனன் துடைக்கிறான், மலாய்க்காரன் துடைக்கிறான். துடைச்சா சோத்துல இல்ல. லெட்டரும் அதைத்தான் சொல்லுது.”

ஐவன் இதை எதிர்பார்க்கவில்லை. நல்ல வாதம். கூட்டத்தில் தான் பேசிய எதையும்விட நல்ல வாதம். ஒரு நிமிடம், ஏன் ஒன்றரை நிமிடம், அதைப் பிடித்துக்கொண்டு கரையேறிவிடலாம் என்று மனது ஓடியது. கையெழுத்து காப்பாற்றப்படும். ஏழு நிமிடமும் காப்பாற்றப்படும்.

“துடைச்ச கை எங்க போவுது?” என்றார்.

பழனியப்பன் தன் கையைப் பார்த்தார். காலையிலிருந்து இலைக்கட்டுத் தூக்கிய கை. பிறகு அதைத் தொடையில் தேய்த்துக்கொண்டார்.

“மெசின் வாங்கிட்டேன் அண்ணே. தெளிக்கிற மெசின். ரெண்டு லோரிக்கும் ஆளு மாத்திட்டேன், ஆறு நாளைக்கு ஒரு தடவை வெட்டுனாப் போதும்னு. நீங்க தேடி வந்து சொன்னீங்களா? நான்தான் உங்களைத் தேடி வந்தேன். அதான் வயித்தெரிச்சல்.” எழுந்தார். “ரெண்டு வருசம் பேசாம இருந்தீங்களாமே. அந்தப் பொண்ணு சொல்லிச்சு. அப்படியே இருந்திருக்கலாம் லா.”

ஐவனும் மூன்று நாளாக அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தார்.

பதின்மூன்றாவது கூட்டத்துக்கு ஐவன் நாவல் கொண்டுபோகவில்லை. முறையில் சின்னத் திருத்தம் என்று டீனா எழுதிக்கொடுத்த இரண்டு வரி சட்டைப்பையில் இருந்தது. அவருடைய முறை வந்ததும் எழுந்தார். அந்த மரியாதையான அமைதி மறுபடியும் அறையில் விழுந்தது. தலைவர் அம்மையார் பேனாவைத் திறந்துவைத்துக்கொண்டார். இவர்கள் இன்னொரு ஏழு நிமிடத்தை எதிர்பார்க்கிறார்கள் என்று ஐவனுக்குத் தெரிந்தது. இரண்டு வரியை வாசித்தால் அமைதி உடையாது. எல்லாரும் தலையாட்டுவார்கள். திருத்தம் என்னவென்று யாரும் கேட்க மாட்டார்கள். நாளைக்குப் பினாங்கிலோ ஈப்போவிலோ இன்னொரு சோதனைக்கூடத்தில் இன்னொரு தமிழர் கையுறை மாட்டிக்கொண்டு இலையை விரிப்பார். பிள்ளை வயதிலிருந்து செய்ததைச் செய்வார்.

“நான் போன முறை சொன்னது தவறு,” என்றார். “எப்படித் தவறு என்பதை நீங்கள் பார்க்க வேண்டும்.” பெரிய திரையில் சுருக்கிய கேமராப் படத்தைப் போட்டார்.

முதல் இலையில் யாருக்கும் புரியவில்லை. இரண்டாவதில் ஒரு செருமல் கேட்டது. நான்காவதில் தட்டு, கோப்பை வகை ஆள் சிரித்துவிட்டார். ஏழாவது இலையை இரண்டுமுறை வழித்ததற்கு அறையே சிரித்தது. பாதிச் சிலுவை வந்தபோது தலைவர் அம்மையார் தலைத்துணியின் முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஐவன் திரைக்குப் பக்கத்தில் நின்றபடி, இரண்டு வருஷம் சேர்த்த மௌனம் எவ்வளவு வேகமாகக் கரைகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்பது இலை. நான்கு நிமிடம்கூட ஆகவில்லை.

சிரிப்பு அடங்கிய பிறகு மறுசோதனை எண்களைப் போட்டார். கையுறையின் எண் வந்ததும் ஒருவரும் சிரிக்கவில்லை. பூச்சிமருந்துப் பிரிவின் சீன அதிகாரி தன் வலது கையை மேசைமேல் மல்லாத்தி வைத்துப் பார்த்தார். “நானும் இப்படித்தான் துடைப்பேன்,” என்றார். “பங்சாரில் இலைச் சாப்பாடு, வெள்ளிக்கிழமைதோறும்.” அப்புறம்தான் தெரிந்தது, பதினாறு பேரும் அப்படித்தான் துடைக்கிறார்கள் என்பது. இரண்டு வருஷத்தில் எல்லாரும் ஒரே கருத்தைச் சொன்னது அன்றைக்குத்தான்.

விலக்குப் பட்டியலிலிருந்து இலையை எடுத்தார்கள். உணவைத் தொடும் பொருள் என்று பெயர் வைத்தார்கள். சோதிக்காமல் தெளித்து விற்கக் கூடாது, சோதிக்கும்போது சாப்பிடுகிறவரின் கையையும் சோதிக்க வேண்டும் என்று முடிவானது. வெளியே வரும்போது தலைவர் அம்மையார், “அடுத்த கூட்டத்திலும் பேசுங்கள், மிஸ்டர் ஐவன்,” என்றார். கிண்டலா, உண்மையா என்று ஐவனுக்குத் தெரியவில்லை. கேட்கவும் இல்லை.

கடைகளிலிருந்து கடிதத்தைத் திரும்பப் பெற அவர் தானே போனார். கிள்ளான் வரை மூன்று சனிக்கிழமை. பழனியப்பன் பட்டியலைக் கொடுத்தாரே தவிரப் பேசவில்லை. மூன்றாவது சனிக்கிழமை ஒரு கடை வாசலில் இருவரும் எதிரெதிரே பார்த்துக்கொண்டார்கள். பழனியப்பன் லோரியிலிருந்து இலைக்கட்டை இறக்கிக்கொண்டே, “மெசினை ஆர்க்கிட் தோட்டக்காரனுக்குத் தள்ளிட்டேன். நஷ்டந்தான்,” என்றார். பிறகு, “பூவை எவனும் திங்க மாட்டானே?” என்று கேட்டார். ஐவன் பதில் சொல்ல வாயெடுத்தார். பூவின் இதழில் வெள்ளி எப்படி இருக்கும் என்று தனக்குத் தெரியாது என்பது ஞாபகம் வந்து மூடிக்கொண்டார்.

“தெரியாது,” என்றார் பிறகு.

“தெரியாதுன்னு சொல்லவும் உங்களுக்கு இம்புட்டு நேரம் ஆவுது,” என்று பழனியப்பன் லோரியில் ஏறினார்.

கடைசிக் கடிதம் புனிதாவின் கடையில் இருந்தது. அவள் முந்திக்கொண்டாள். உறையிலிருந்து எடுத்துத் திருப்பி, பின்பக்கத்தில் பெரிய எழுத்தில் ‘இன்று நண்டு இல்லை’ என்று எழுதி அதே இடத்தில், மூன்று படங்களுக்குப் பக்கத்தில், மாட்டியிருந்தாள்.

“நண்டு வர்ற அன்னைக்கு என்ன செய்வீங்க?” என்றார் ஐவன்.

“திருப்பவா போறேன்? கழட்டிருவேன்.” இலையைப் போடச் சொன்னாள். “உக்காருங்க. மருந்து அடிக்காத பழைய மாதிரி இலைதான். ஓரம் கறுத்திருக்கு. உங்களால எனக்குத் தினம் நூறு இலை வீணாப்போவுது, அந்தக் கணக்கையும் எங்கயாவது எழுதி வைங்க.”

அந்த வாரம் வழிகாட்டியின் திருத்திய வரைவு வந்திருந்தது. எண்பத்து நான்கு பக்கம். ஐவன் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்துப் புரட்டினார். இரண்டு வருஷமும் ஏழு நிமிடமும் போட்ட உழைப்பில் அவர் எழுதிய ஒரே வாக்கியம் எழுபத்தோராம் பக்கத்தில், பின்னிணைப்பில், சிறிய எழுத்தில் இருந்தது. சோதனைக்கு இலையை விரிப்பவர் பழக்கத்தால் அதில் நீர் தெளித்துத் துடைத்துவிடக் கூடாது. அதில் யார் பெயரும் இல்லை. பிடித்த நாவலின் முதல் வரியைப் படிப்பதுபோல் அதை மூன்றுமுறை படித்தார்.

சோற்று வாளியோடு வந்தவர் காத்து நின்றார். ஐவன் வரைவை மூடிவிட்டு, தண்ணீரை எடுத்துத் தெளித்து, இலையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை வழித்து உதறினார். பிறகு எழுந்து கை கழுவப் போனார்.

“கழுவிட்டுத்தானே வந்து உக்காந்தீங்க?” என்று புனிதா அங்கிருந்தே கேட்டாள்.